உயிரோடிருக்கும்போதே நாலு பேர்

2021 ஜனவரி 11, திங்கட்கிழமை. பொங்கலுக்கு மூன்று நாள்களே இருந்தன. வெள்ளையடிப்பும் கரும்பு பேரமுமாக நம் ஊர்கள் பரபரத்துக்கொண்டிருந்த அந்தக் காலை வேளையில், பல வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஆஸ்திரேலியாவின் சிட்னி மைதானத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. டெஸ்ட் போட்டியின் ஐந்தாம் நாள். இந்திய அணியின் வெற்றிக்கு 407 ஓட்டங்கள் தேவை. ஐந்து விக்கெட்டுகள் போய்விட்டன. களத்தில் நின்ற இருவருமே காயப்பட்டவர்கள்.

ஒருவர் ஹனுமா விஹாரி. ஓட்டம் எடுக்க ஓடும்போது தொடையின் பின்தசை கிழிந்து, அதற்குமேல் ஓட முடியாமல் நின்றார். மற்றவர் சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின். முதுகுவலியோடு படுக்கப் போன அவரால் காலையில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியவில்லை என்று அவருடைய மனைவி அன்றே எழுதினார். அந்த இருவரும் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நின்றார்கள். விஹாரி 161 பந்துகளில் 23 ஓட்டங்கள், அஸ்வின் 128 பந்துகளில் 39. போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. முழங்கையில் அடிபட்ட ரிஷப் பண்ட் அதே நாளில் 97 ஓட்டங்கள் எடுத்திருந்தார். கட்டைவிரல் எலும்பு முறிந்த ரவீந்திர ஜடேஜா, தேவைப்பட்டால் தானும் மட்டை பிடிக்க வருவதாகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

அன்று நாம் எல்லோரும் கை தட்டினோம். தட்டியது சரிதான்.

ஆனால் அதற்கு நான்கு நாள் கழித்து நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் அடுத்த போட்டி தொடங்கியபோது அஸ்வினும் இல்லை, விஹாரியும் இல்லை, ஜடேஜாவும் இல்லை. மருத்துவர்கள் பார்த்தார்கள், விலகி நின்றார்கள். அந்தக் காலி இடங்களால்தான் நம் தமிழகப் பிள்ளைகள் இருவர் ஒரே நாளில் முதல் டெஸ்ட் ஆடினார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனும், சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் முதல் இன்னிங்சில் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். வாஷிங்டன் மட்டையிலும் 62 ஓட்டங்கள் சேர்த்தார். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றிராத அந்த மைதானத்தில் இந்தியா வென்றது.

(இந்த வாஷிங்டனைக் கிறிஸ்தவப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் பங்குகளில் உண்டு. அவர் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை வறுமையில் கிரிக்கெட் ஆடிய காலத்தில், அருகில் வசித்த வாஷிங்டன் என்ற முன்னாள் படைவீரர் உடை வாங்கிக் கொடுத்து, பள்ளிக் கட்டணம் கட்டி ஆதரித்தார். அந்த நன்றிக்கு மகனுக்கு அவர் பெயரையே வைத்தார் தந்தை. தாங்கிப் பிடித்தவரின் பெயர் இப்படியும் நிலைக்கிறது.)

ஆக, ஒரே வாரத்தில் அஸ்வின் இரண்டு காரியங்களைச் செய்தார். திங்களன்று வலியோடு நின்றார். வெள்ளியன்று விலகி நின்றார். முதலாவதை வீரம் என்கிறோம். இரண்டாவதற்கு நம்மிடம் பெயர் இல்லை. இந்தப் பெயரில்லாத காரியத்தைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் சிந்திக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் நம் பிள்ளைகள் ஆடும் மைதானங்களில் அதற்கு இடமே இல்லை.

உத்திரமேரூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் என்று எந்தப் பக்கம் போனாலும் பொங்கலையொட்டிக் கபடிப் போட்டி உண்டு. பள்ளி மைதானத்திலோ ஏரிக்கரை ஓரத்திலோ மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, குழல் விளக்கு கட்டி, விடிய விடிய ஆட்டம். நம் பங்குகளிலும் ஆகஸ்டு 15 விண்ணேற்புப் பெருவிழாவுக்கும், பாதுகாவலர் திருவிழாவுக்கும் இளையோர் போட்டி நடத்துகிறார்கள். நோட்டீசில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, அவற்றை வழங்குவோர் பெயர், நுழைவுக் கட்டணம், சிறந்த ரெய்டருக்குத் தனிக் கோப்பை எல்லாம் இருக்கும். அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு வரி இருந்து நாம் பார்த்ததில்லை.

கபடியில் அடிபடுவது அபூர்வமான விபத்து என்று யாரும் சொல்ல முடியாது. பாடிப் போகிறவரின் ஒரு கணுக்காலை ஒருவர் பிடிக்க, இன்னும் மூன்று பேர் மேலே விழுகிறார்கள். ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்க உடம்பு திரும்புகிறது. முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்துபோகிறது. அடுத்து நடப்பது நமக்குத் தெரிந்ததே. தண்ணீரை முகத்தில் அடிப்பார்கள். வலி தெரியாமல் இருக்க ஸ்பிரே அடிப்பார்கள். எழுந்து நடந்து பார் என்பார்கள். ஒலிபெருக்கியில் பேசுகிறவர் 'சிங்கம் மறுபடி களத்தில்' என்று கூவுவார். பையன் இன்னொரு ரெய்டு போவான். மறுநாள் முழங்கால் பூசணிக்காய் போல் வீங்கியிருக்கும்போது எண்ணெய்க் கட்டு, அல்லது நம் பக்கத்துக்கே உரிய புத்தூர்க் கட்டு. எக்ஸ்-ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று வந்தால் எல்லோருக்கும் நிம்மதி. கிழிந்த ஜவ்வு எக்ஸ்-ரேயில் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. ஆறு மாதம் கழித்துப் படி இறங்கும்போது மூட்டு நழுவி விழும்போதுதான் மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் மூட்டின் மற்ற பாகங்களும் தேய்ந்திருக்கும்.

இதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் நடந்த போட்டியில், ரெய்டு சென்ற ஓர் இளைஞர் பிடிபட்டு விழுந்தார். எழ முயன்றார், மறுபடி சாய்ந்தார், அப்படியே இறந்துபோனார். கைப்பேசியில் பதிவான அந்தக் காட்சியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர் வென்ற கோப்பையைச் சேர்த்தே நண்பர்கள் அடக்கம் செய்தார்கள். அந்தச் சாவைத் தடுத்திருக்க முடியுமா என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நம் ஊர்ப் போட்டிகள் பழைய மாதிரியே நடந்தன என்பதை நாம் அறிவோம்.

சிட்னிக்கும் சாலவாக்கத்துக்கும் உள்ள வேறுபாடு துணிச்சலில் இல்லை. அஸ்வினைச் சுற்றி இயன்முறை மருத்துவர் இருந்தார், வலிக்கு மருந்து கொடுக்க ஆள் இருந்தது, ஸ்கேன் இருந்தது, இவர் இன்று ஆட வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தது. அவ்வளவு பேர் தாங்கியதால்தான் அவரால் நிற்கவும் முடிந்தது, விலகவும் முடிந்தது. நம் பையனுக்குத் துணிச்சல் மட்டும்தான் இருக்கிறது.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தை நினைத்துப் பார்க்கலாம். 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அதற்குமுன் தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடைத் தசையில் அடிபட்டிருந்தது. பதக்க நம்பிக்கையையே விட்டுவிட்டதாகவும், ஒழுங்காக உட்காரக்கூட முடியாமல் இருந்ததாகவும், சுற்றியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டதால்தான் மீண்டும் நம்பிக்கை வந்ததாகவும் வென்றபின் அவர் சொன்னார். தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருவர் முதலில் சொன்னது தன் மன உறுதியைப் பற்றி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் போட்டியில் இந்தியப் பளுதூக்கும் அணிக்கு அருகிலேயே இருந்து பார்க்க இயன்முறை மருத்துவர் இல்லாத குறை அப்போது பேசப்பட்டது. நாட்டின் சீருடை அணிந்து போனவர்களுக்கே அந்த நிலை என்றால் ஏரிக்கரை மைதானத்தைக் கேட்க வேண்டுமா?

இங்கே நம் பக்கத்துத் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பரிசளிப்பு விழாவுக்கு மேடையேறும்போது நாம் பெரும்பாலும் புனித பவுலடியாரைத்தான் துணைக்கு அழைக்கிறோம். பந்தயத் திடலில் ஓடுவோரைப் பற்றி அவர் கொரிந்தியருக்கு எழுதியது (1 கொரி 9:24-27), தம் ஓட்டத்தை முடித்துவிட்டதாகத் திமொத்தேயுவுக்கு எழுதியது (2 திமொ 4:7) இரண்டும் நமக்கு மனப்பாடம். நின்றுவிடாதே, ஓடு, முடி என்று இளைஞர்களிடம் சொல்லி இறங்கிவிடுகிறோம். அதே பவுல் தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றி எழுதியதை (2 கொரி 12:7-10) அந்த மேடையில் சொல்வதில்லை. அதை எடுத்துவிடும்படி மூன்று முறை ஆண்டவரை மன்றாடினார் அவர். வலியை மறைக்கவில்லை. தம் வலுவின்மையை வெளிப்படையாக எழுதி வைத்தார். தமஸ்குவில் உயிருக்கு ஆபத்து வந்தபோது அவர் ஓடி வென்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். சீடர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள் (திப 9:25). பெரிய ஓட்டக்காரர் கூடைக்குள் உட்கார்ந்து போனார்!

சிலுவைப்பாதையை ஒவ்வொரு தவக்காலமும் செய்கிறோம். மூன்றாம் தலத்தில் இயேசு முதல் முறை விழுகிறார். ஏழாம் தலத்தில் இரண்டாம் முறை. இடையிலுள்ள மூன்று தலங்களில் என்ன நடக்கிறது? தாய் வருகிறார், சீரேன் ஊர்ச் சீமோன் வருகிறார், வெரோணிக்கா வருகிறார். ஒருமுறை விழுந்தவருக்கு அடுத்தடுத்து மூன்று பேர். அவர்களில் சீமோன் தாமாக முன்வந்தவர்கூட இல்லை. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவரைக் கட்டாயப்படுத்தியதாக மாற்கு சொல்கிறார் (15:21). இறைமகனே பாரத்தைப் பகிர்ந்துகொள்ள மறுக்கவில்லை என்றால், பதினெட்டு வயதுப் பையன் ஏன் மறுக்க வேண்டும்? மறுப்பதை நாம் ஏன் ஒலிபெருக்கியில் புகழ வேண்டும்?

1992 ஆகஸ்டில் பார்சலோனா ஒலிம்பிக் 400 மீட்டர் அரையிறுதியில், பிரிட்டனின் டெரக் ரெட்மண்ட் பாதி வழியில் தொடைத் தசை கிழிந்து விழுந்தார். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு கிளம்பிய அவரிடம், காவலர்களைத் தள்ளிக்கொண்டு அவருடைய தந்தை ஜிம் வந்து சேர்ந்தார். தந்தையின் தோளில் சாய்ந்து அழுதபடி மகன் எல்லைக்கோட்டைக் கடந்தார். மறையுரைகளில் நாம் பலமுறை கேட்ட கதைதான் இது. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகவே கேட்டிருக்கிறோம். அந்த மைதானத்தில் மருத்துவ உதவியாளர்களும் இருந்தார்கள், அவர்களை டெரக் விலக்கிவிட்டார் என்பது கதையில் வருவதில்லை. வேண்டாம் என்று விலக்குவதற்காவது அவருக்கு அங்கே ஆள் இருந்தது.

நம் பேச்சு வழக்கில் ஒரு வார்த்தை உண்டு. ஊரைப் பகைத்துக்கொண்டு வாழ்கிறவனைப் பார்த்து, 'நாளைக்குத் தூக்கிப்போட நாலு பேர் வேண்டாமா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். நாலு பேர் என்றாலே நமக்குச் சாவுதான் நினைவுக்கு வருகிறது. மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்திலும் நாலு பேர் வருகிறார்கள். அவர்கள் தூக்கி வந்தது உயிரோடிருந்த ஒருவரை. கப்பர்நாகூமில் வாசல்வரை கூட்டம் அடைத்திருந்தபோது, கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கினார்கள். அந்த முடக்குவாதமுற்றவர் அந்தப் பகுதி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டவில்லை, விசுவாச அறிக்கை செய்யவில்லை. இயேசு கண்டது 'அவர்களுடைய' நம்பிக்கையை என்று நற்செய்தியாளர் பன்மையில் எழுதுகிறார். தூக்கியவர்களின் நம்பிக்கை படுத்திருந்தவருக்கும் கணக்கில் சேர்ந்தது. காயப்பட்ட ஆட்டக்காரர் தைரியமாக இருக்கிறாரா என்று நாம் பார்க்கிறோம். தூக்க வந்தவர்கள் உண்டா என்றுதான் ஆண்டவர் பார்த்திருக்கிறார்.

விழுந்த நாள் ஒரு நாள்தான். அதற்குப் பிறகு வரும் மாதங்கள் நீளமானவை. ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்டவர் மறுபடி ஆடுகளத்துக்கு வர ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். நம் வட்டார இளைஞர்களில் பலர் கம்பெனிப் பேருந்தில் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள். எட்டு மணி நேரம் நின்று செய்யும் வேலை. முழங்கால் போனால் வேலையும் போய்விடும் என்ற பயத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். இவர்களில் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் நிறையப் பேர். ஆலைக்குள் அடிபட்டால்தான் அந்த அட்டை உதவும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. வெளியே விளையாடும்போது பட்ட காயத்துக்கும் அதில் சிகிச்சை உண்டு. தேவையான நாள்கள் சந்தா செலுத்தியிருந்தால், மருத்துவர் சான்றோடு விடுப்பில் இருக்கும் நாள்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள்கள்வரை, ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். மூன்று மாதச் சோற்றுக்கு வழி. இதை எடுத்துச் சொல்லி விண்ணப்பம் எழுதித் தர அன்பியத்தில் படித்த ஒருவர் போதும்.

ஆனால் கூலி வேலைக்குப் போகிறவருக்கும், கல்லூரி மாணவருக்கும் அந்த அட்டை கிடையாது. 2021 டிசம்பரில் நம் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் தமிழக அரசு 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் நல்ல திட்டம். போட்டிக்கு பைக்கில் போகும் வழியில் விழுந்தால் அது உதவும். போட்டியில் விழுந்தால் உதவாது. விளையாட்டை வளர்க்க வேண்டும் என்று பேசும் அரசியல்வாதிகள் இந்த இடைவெளியைப் பற்றியும் பேசினால் நல்லது. பேசும்வரை காத்திருக்க முடியாது என்பதும் உண்மை.

2018 ஜூன் 1 அன்று வத்திக்கானின் பொதுநிலையினர், குடும்பம், வாழ்வுக்கான துறை விளையாட்டைப் பற்றித் தனியாக ஓர் ஆவணமே வெளியிட்டது. வீரரின் உடலை வெற்றிக்கான வெறும் பொருளாக ஆக்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. உரோமையில் எழுதியதை நம் ஏரிக்கரையில் எப்படிக் கடைப்பிடிப்பது? பெரிய செலவு ஒன்றும் இல்லை. போட்டி நடக்கும் இடத்தில் மடக்கும் ஸ்ட்ரெச்சர் ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று வேண்டும். மூன்றாம் பரிசுக்குக் கொடுக்கும் தொகையிலேயே பல ஊர்களில் இது முடிந்துவிடும். நம் மறைமாவட்டத்துப் பங்குகளில் செவிலியர் இல்லாத பங்கு அரிது. அவர்களில் ஒருவரை அன்றைக்கு வந்து உட்காரும்படி பங்குப் பேரவை கேட்கலாம். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது, மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நழுவிய தோளைத் தெரியாதவர் இழுக்கக் கூடாது என்பதை இளையோர் கூட்டத்தில் ஒரு ஞாயிறு சொல்லித் தரலாம். 108 வண்டி எந்த வழியாக மைதானத்துக்குள் நுழையும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த வழியில் பைக்குகளை நிறுத்தாமல் இருக்கலாம். கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆனால் அந்த வழியில்தான் எப்போதும் பைக்குகள் நிற்கின்றன.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, போதும் என்று சொல்லும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்பது. அணித் தலைவரிடம் கொடுத்தால் அவர் ஆட்டத்தைப் பார்ப்பார். பையனிடம் விட்டால் அவன் மானத்தைப் பார்ப்பான். ஆட்டத்தில் வெற்றி தோல்வி இல்லாத ஒருவரிடம் அது இருக்க வேண்டும். அவர் கை காட்டினால் மாற்று ஆள் இறங்க வேண்டும், மறுபேச்சு கூடாது. இதை ஊர் ஏற்குமா என்று கேட்பவர்களுக்கு, சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், வாரியங்களில் யார் உறுப்பினர் ஆகலாம், யார் ஆகக் கூடாது என்று விதி எழுதிக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர் என்பதை நினைவூட்டலாம். கல் வேண்டாம், ஒரு வெள்ளைத்தாள் போதும்.

இறந்தவரைக் கல்லறைக்குக் கொண்டுபோக நம் பங்குகள் பலவற்றில் வண்டி இருக்கிறது. துடைத்து, பெயின்ட் அடித்து, கொட்டகையில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதன் பக்கத்திலேயே ஒரு ஸ்ட்ரெச்சருக்கும் இடம் இருக்கும். பொங்கல் போட்டிக்கான நோட்டீசு பெரும்பாலும் மார்கழி பிறந்ததும் அச்சுக்குப் போய்விடும். அதற்கு முந்தைய பேரவைக் கூட்டத்தில் இதைக் கேட்க வேண்டும்.